ஸகார் வெட்டிய முனை

லுஹோவாவில் ஸகாரைத் திட்டாத வாய் கிடையாது. ஊருக்கெல்லாம் இன்டர்நெட் இழுத்துக் கொடுத்தவன் அவன்தான், அது நின்றுபோனால் வசவு வாங்குகிறவனும் அவன்தான். மழை பெய்தால் ஃபோன், பனி விழுந்தால் ஃபோன், சுரங்கத்தில் வெடி வைத்து வீடு குலுங்கினாலும் அவனுக்குத்தான் ஃபோன். அவனும் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. "ஒரு மணி நேரம் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காரு, செத்துப்போயிட மாட்டே" என்று சொல்லி வைத்துவிடுவான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏணியும் கையுமாகக் கம்பத்தில் நிற்பான். இருபத்து நான்கு வருஷம் இப்படியே ஓடியது.

அவன் தொழிலில் இரண்டு விஷயங்களில் அவனுக்குக் கர்வம் அதிகம். ஒன்று, வெட்டு. கேபிளுக்குள் ஓடுவது முடி கனத்தில் கண்ணாடி இழை. இரண்டு முனைகளைச் சேர்த்து ஒட்ட வேண்டுமானால் ஒவ்வொரு முனையும் நேராக வெட்டப்பட்டிருக்க வேண்டும். துளி சாய்ந்தாலும் வெளிச்சம் கசிந்துவிடும். அதற்கென்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு வெட்டுக் கருவி வைத்திருந்தான். அதைச் சட்டைப் பையில் போடாமல் வீட்டை விட்டு இறங்க மாட்டான். இன்னொன்று, அறுந்த முனையைப் பார்த்தே அறுத்தது யார் என்று சொல்லிவிடுவான். எலி கடித்ததா, கோடரி பட்டதா, குளிரில் இறுகி அறுந்ததா என்று ஒட்டும் மெஷினின் சின்னத் திரையில் முனையைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். அதில் அவன் தப்பு செய்து யாரும் பார்த்ததில்லை.

அந்தத் திறமைதான் பனாஸோடு அவனுக்கு இருந்த உறவைக் கெடுத்தது. பனாஸ் நகராட்சியில் மண் தோண்டும் வண்டி ஓட்டியவன். இருவரும் ஒன்றாகப் பட்டாளத்தில் இருந்தவர்கள். பனாஸின் மகள் தாயிசாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவன் ஸகார். அப்படி நின்றவனும் பெற்றவனும் எங்கள் ஊரில் ஒருவரை ஒருவர் 'கூம்' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். கூடப் பிறந்தவனைவிட நெருக்கம் அது. அப்பேர்ப்பட்ட கூம், 2012-இல், கால்பந்து இறுதி ஆட்டத்தன்று, தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டுகிறேன் என்று ஊரின் முக்கியக் கேபிளை வாரி எறிந்துவிட்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரம் வீடுகளில் படம் நின்றது. "நான் தொடவே இல்ல, எலி கடிச்சிருக்கும்" என்று பனாஸ் சாதித்தான். ஸகார் அறுந்த முனையை எடுத்துக்கொண்டு நேராக நகராட்சி ஆபீசுக்குப் போனான். எல்லோருக்கும் நடுவில் அதைத் தூக்கிக் காட்டினான்.

"பாருங்கய்யா, இது எலிப் பல்லா? இந்த எலிக்கு எத்தன டன் எடை?"

பனாஸுக்கு வேலை போயிற்று. அதற்கப்புறம் ரொட்டி வேன் ஓட்டினான். பதின்மூன்று வருஷம் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் பனாஸ் கட்டைவிரலை இரண்டு விரல்களுக்கு நடுவே நுழைத்து முஷ்டியை ஆட்டிக் காட்டுவான். 'உனக்கு இதுதான் கிடைக்கும்' என்று எங்கள் பக்கத்தில் அதற்கு அர்த்தம். ஸகார் தரையில் துப்புவான். அதோடு அன்றைய குசல விசாரிப்பு முடிந்தது.

ஆனால் வருஷம் தவறாமல், கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம், தாயிசா ஸகார் வீட்டுக்குக் குத்யா கொண்டுவருவாள். கோதுமையை வேகவைத்து, தேனும் கசகசாவும் கலந்து கிண்ணத்தில் எடுத்து வருவது. ஞானத்தகப்பனுக்குப் பிள்ளை கொண்டுபோக வேண்டியது முறை. "முறை முறைதான். கிண்ணத்த வெச்சிட்டுத் திரும்பி வந்துரு, அவன் வீட்டு நாற்காலில உக்காராதே" என்று பனாஸ் சொல்லி அனுப்புவான். அவள் உட்கார்ந்துவிட்டுத்தான் போவாள். பதினோரு வயசில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே இழையை உரிக்கவும் வெட்டவும் ஒட்டவும் கற்றுக்கொண்டாள்.

அப்புறம் ரஷ்யாக்காரன் வந்தான்.

பட்டாளத்தில் சேர நின்ற வரிசையில் ஸகாருக்கும் பனாஸுக்கும் நடுவில் மூன்று பேர் நின்றார்கள். இருவருக்கும் அப்போது நாற்பத்தொன்பது வயசு. ஸகாருக்குக் கிடைத்தது ஏறக்குறைய அவன் வயசே ஆன துப்பாக்கி. முதல் வருஷம் பீரங்கிதான் பேசியது. ரஷ்யாக்காரன் நூறு குண்டு போட்டால் நாங்கள் ஐந்து போட்டோம். அடுத்த வருஷம், கல்யாண வீட்டில் படம் எடுக்கிற சின்ன ட்ரோன் தலைக்கு மேல் வந்து நின்று கையெறி குண்டைக் கீழே விட்டது. அதற்கடுத்து ட்ரோனே குண்டாகிப் பதுங்கு குழி வாசலுக்குள் நுழைந்து வந்தது. ஸகாரின் படைப்பிரிவில் முப்பத்தொரு பேராகக் கிளம்பிப் போனார்கள், இரண்டாவது கோடையில் எட்டுப் பேர் மிச்சம். மற்றவர்களைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவான்.

ட்ரோனின் சிக்னலைக் கெடுக்க வண்டிக்கு வண்டி ஜாமர் மாட்டினார்கள். கொஞ்ச நாள் நிம்மதி. பிறகு எதிரி அலைவரிசையை மாற்றினான். நாங்கள் ஜாமரை மாற்றினோம். அவன் மறுபடி மாற்றினான். வாரத்துக்கொரு தடவை இந்தக் கூத்து. கடைசியில் ஒரு நாள் மூன்று ஜாமர் மாட்டிய வண்டி, மூன்றும் வேலை செய்துகொண்டிருந்தபோதே, நட்ட நடு ரோட்டில் எரிந்தது. உள்ளே இருந்த நாலு பேரில் ஒருவனும் பிழைக்கவில்லை.

அன்று மதியம் லெஃப்டினன்ட் ஹொர்தி ஒரு கொத்து இழையைக் கொண்டுவந்து மேஜையில் போட்டான். போருக்கு முன் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியாராக இருந்தவன். இருபத்தாறு வயசு, குரல் மட்டும் நாற்பது.

"வண்டிக்குப் பக்கத்துல கெடந்துச்சு. இது என்ன எழவுன்னு யாருக்காச்சும் தெரியுமா?"

ஸகார் ஒரு இழையை எடுத்து நகத்தால் கீறினான். ஒரு முனையில் டார்ச்சை வைத்து மறு முனையைப் பார்த்தான்.

"தெரியாம என்ன? இதுதான் இருபத்து நாலு வருஷமா என் சோறு."

"புரியற மாதிரி சொல்லுய்யா."

"ட்ரோன் வயித்துல இந்த நூல ஒரு கண்டு வெச்சிருக்கான். பறக்கப் பறக்க அவுந்துகிட்டே வருது. அவன் பேசறதும் அது காட்டற படமும் நூலுக்குள்ளேயே போகுது. ஆகாசத்துல ஒண்ணுமே இல்ல. உன் ஜாமர கழட்டி வித்துட்டு உருளைக்கிழங்கு வாங்கு."

ஹொர்தி சிரிக்கவில்லை. ஸகார் இழையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான். அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. ஒரு கம்பம் நட அவன் நாலு ஆபீஸ் ஏறி இறங்குவான். அவன் இருபது வருஷத்தில் இழுத்த நீளத்தை இந்தப் பாவிகள் ஒரு வாரத்தில் இழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள், அதுவும் ஆளைக் கொல்ல.

லுஹோவாவிலிருந்து எல்லைப் பதுங்கு குழிகளுக்குப் போவது ஒரே சாலை, ஏழு கிலோமீட்டர். ட்ரோன் நுழையாதபடி அதன் இரண்டு பக்கமும் கம்பம் நட்டு மேலே வலை கட்டினார்கள். ஏதோ தூரதேசத்து மீனவர்கள் கொடுத்த பழைய வலை. ஈரமான நாளில் இன்னும் மீன் நாற்றம் அடிக்கும். அந்த வலைமேல் இழைகள் விழுந்து விழுந்து ஒட்டடை மாதிரி அடைந்துகொண்டன. சனியன் பிடித்த குருவி கூட்டைக்கூட அதிலேயே கட்டியது. எதிரி அடுத்த தந்திரம் செய்தான். வலை கிழிந்த இடமாகப் பார்த்து ட்ரோனை உள்ளே நுழைத்து, ஓரப் புல்லில் உட்கார வைத்துவிடுவான். வண்டி வரும்வரை மணிக்கணக்கில் அது கண்ணைத் திறந்துகொண்டு காத்திருக்கும்.

அதைக் கண்டுபிடிக்கும் வேலை ஸகாருடையது. அவனிடம் ஒரு பழைய கருவி இருந்தது. இழையை அதில் கவ்வ வைத்தால் லேசாக வளைத்து உள்ளே வெளிச்சம் ஓடுகிறதா என்று சொல்லும். படம் எந்தத் திசையில் போகிறது என்று அம்புக்குறியும் காட்டும். படம் போகிற பக்கத்தில்தான் ட்ரோனை ஓட்டுகிறவன் உட்கார்ந்திருப்பான். செத்த இழை என்றால் விட்டுவிடலாம். சாலைக்கு மேற்கே நாங்கள், கிழக்கே எதிரி. உயிருள்ள இழையில் அம்பு மேற்கே காட்டினால் அது நம் ஆளுடையது, தொடக் கூடாது. கிழக்கே காட்டினால் எதிரியுடையது, வெட்ட வேண்டும். தினமும் காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை ஸகார் ஒரு கொக்கிக் கழியோடு சாலையில் நடந்து, இழைகளை வலையிலிருந்து இழுத்து இழுத்துக் கவ்வ வைத்துப் பார்ப்பான். வெட்டுவதற்கு ஹொர்தி ஒரு பெரிய கத்திரிக்கோல் கொடுத்திருந்தான். ஸகார் அதைத் தொடவில்லை.

"நூலக் கத்திரியால வெட்டறவன் தையக்காரன்" என்று சட்டைப் பையிலிருந்து தன் வெட்டுக் கருவியை எடுத்து, எதிரியின் இழையையும் கண்ணாடி மாதிரி நேராக வெட்டினான்.

"அத என்ன ஒட்டவா போறே?" என்று ஹொர்தி கேட்டான்.

"கைக்கு வேற மாதிரி வெட்ட வராது, போ."

பத்து மணிக்கு அதே சாலையில் பனாஸ் வேன் ஓட்டிக்கொண்டு போவான். அடிபட்டவர்களை அள்ளிக்கொண்டு வரும் வேன். அவன் உயிரோடு திரும்புவது ஸகாரின் கண்ணிலும் கையிலும் இருந்தது. இது இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை. பேச்சு இன்னமும் தாயிசா வழியாகத்தான். அவள் இப்போது இருபத்து நாலு வயசுப் பெண், எங்கள் பக்கத்து ட்ரோன் ஓட்டிகளில் கெட்டிக்காரி. கல்குவாரியில் ஒரு குழியிலிருந்து இழை ட்ரோன்தான் ஓட்டினாள்.

"மாமா, மூணாவது கம்பத்துக்கிட்ட வலை தொங்குதாம். கண்ணு தெரியலன்னா மூக்குக் கண்ணாடிய மாத்தச் சொன்னாரு அப்பா."

"வலை ஒண்ணும் தொங்கல. அவன் வேன்தான் ஆகாசத்துல பறக்குது. மெதுவா ஓட்டச் சொல்லு. பள்ளம் தோண்டற வண்டி இல்ல அது, உள்ள ஆள் படுத்திருக்கான்னு சொல்லு."

"ரெண்டு கிழவனுங்களும் ஒரு நாளைக்கு என்னைப் பைத்தியமாக்கப் போறீங்க."

நவம்பர் கடைசியில் அந்த நாள் வந்தது. முந்தின நாள் முழுக்க எதிரி அடித்துக்கொண்டே இருந்ததால் யாரும் சாலையில் இறங்க முடியவில்லை. எல்லைக் குழியில் அடிபட்ட இரண்டு பேர் கிடந்தார்கள். காலையில் பனி மூடியிருந்தது. பனி விலகுவதற்குள் பனாஸ் போய் அவர்களை எடுத்து வர வேண்டும். சாலையை வேட்டையாடும் எதிரி ட்ரோன்காரர்கள், சுரங்க மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாக்கிய கரிமேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நிலவறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதே முக்காலுக்குத் தாயிசா அந்த நிலவறையை அடிப்பது, பத்து மணிக்கு வேன் கிளம்புவது என்று திட்டம். ஸகாரிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. அவன்தான் ஒன்பது மணிக்கே சாலையை விட்டுப் போய்விடுகிறவனாயிற்றே. ட்ரோன் கிளம்பும் நேரத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டா திரிவார்கள்?

ஒன்பது மணிக்கு ஸகார் போகவில்லை. ஒரு நாள் விட்டுப்போன சாலை, இழைகள் மண்டிக் கிடந்தன. பனியில் வலை கிழிசல் சரியாகத் தெரியவில்லை. அந்த நாய் பத்து மணிக்கு வருவான் என்று முணுமுணுத்துக்கொண்டே போன தூரத்தை மறுபடி நடந்தான். பழைய பால்பண்ணைக்கு எதிரே, வலைமேல், துளிகூடப் பனிநீர் படியாத புது இழை ஒன்று கிடந்தது. கொக்கியால் இறக்கிக் கருவியில் கவ்வ வைத்தான். விளக்கு எரிந்தது. உயிருள்ள இழை. அம்பு கிழக்கே காட்டியது.

அந்தச் சாலையில் ரேடியோவைத் திறக்கக் கூடாது. திறந்தால் இரண்டு நிமிஷத்தில் பீரங்கி இடத்தைக் கண்டுபிடித்துவிடும். யாரையும் கேட்க வழியில்லை, கேட்க வேண்டும் என்றும் அவனுக்குத் தோன்றவில்லை. எதிரி ட்ரோன் எங்கேயோ மேற்கே போய் உட்கார்ந்து வேனுக்காகக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். இழையை வெட்டுக் கருவியின் பள்ளத்தில் வைத்துப் பிளேடை நகர்த்தினான். விளக்கு அணைந்தது. கைக்கடிகாரம் ஒன்பது நாற்பத்தொன்று காட்டியது.

கேபிள்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அவன் இழுத்த எந்த லைனும் ஒரே சாலையை ஒரு தடவைக்கு மேல் கடந்ததில்லை. எதற்குக் கடக்க வேண்டும்? ஒவ்வொரு மீட்டருக்கும் முதலாளி கணக்குக் கேட்பான். ஆனால் தாயிசாவின் ட்ரோன் சாலையை மூன்று தடவை கடந்திருந்தது. கல்குவாரியிலிருந்து கிளம்பிக் கிழக்கே போனாள். கரிமேட்டின் முன்புறம் ட்ரோனைச் சுடக் காத்திருந்த துப்பாக்கிக்காரர்களைப் பார்த்ததும் திருப்பி மேற்கே வந்தாள். பிறகு தெற்கே இறங்கி, மறுபடி கிழக்கே கடந்து, மேட்டைச் சுற்றிக்கொண்டு பின்புறமாக நிலவறையை நெருங்கினாள். முதல் கடப்பும் மூன்றாவது கடப்பும் ஸகார் கையில் கிடைத்திருந்தால் அம்பு மேற்கே காட்டியிருக்கும். கிடைத்தது நடுவில் இருந்தது, அதில் மட்டும் படம் கிழக்கே போய்ச் சுற்றித்தான் கல்குவாரிக்குத் திரும்பும்.

அவன் ஓரப் பள்ளம் வழியாக ஊர்ப்பக்கம் திரும்பி நடந்தான். பத்து மணி தாண்டிச் சாம்பல்நிற வேன் எதிரே வந்தது. தாயிசாவின் திரை இருண்டுபோனதை வேனுக்குச் சொல்ல யாராலும் முடியவில்லை. ரேடியோ அடைத்த சாலை, கடிகாரத்தை நம்பித்தான் எல்லாம். பனாஸ் கண்ணாடியை இறக்கி, ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, மறு கையால் அந்த முஷ்டியைக் காட்டினான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் காட்டினான், ஒன்பது மணிக்குப் போக வேண்டியவன் இன்னும் இங்கே என்ன செய்கிறாய் என்பது போல. ஸகார் துப்பினான். நாலு நிமிஷம் கழித்துப் பால்பண்ணைப் பக்கம் வெடித்தது.

மதியம் ஹொர்தி சொல்லித்தான் ஸகாருக்குத் தெரிந்தது.

"தாயிசா ட்ரோன் நெலவறைக்கு எரநூறு மீட்டர்ல இருந்துச்சு. நூல் அறுந்துருச்சு. ஒம்பது நாப்பத்தொண்ணு. அடிபடாமத் தப்பிச்ச அந்த நெலவறைக்காரனுங்கதான் வேன அடிச்சது. சீனாக்காரன் நூல், குப்பை!"

ஸகார் வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். பனாஸின் சாவுக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். என்ன இருந்தாலும் கூம் அல்லவா என்றார்கள். 'இழை தானாக அறுந்தது' என்று ரிப்போர்ட் எழுதி முடித்தார்கள். அடக்கத்தில் பெட்டியின் முன் முனையை ஸகார் தோளில் சுமந்தான். பதின்மூன்று வருஷம் பேசாதவன் எப்படிச் சுமக்கிறான் பார் என்று ஊர் உருகியது. ஊருக்கு எப்போது எதற்கு உருக வேண்டும் என்று தெரிந்திருக்கிறது?

எட்டு நாள் அவன் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்லிவிடுவோம் என்று கிளம்புவான். ஹொர்தி அறை வாசல்வரை போய், சிகரெட் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவான். கோழை என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வான். அப்புறம், நான் சொன்னால் மட்டும் அவன் எழுந்து வந்துவிடுவானா என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொள்வான்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் தாயிசா அவன் வீட்டு நிலவறைக்கு வந்தாள். முழங்கால்வரை சேறு. கையில் தீப்பெட்டி. வழக்கமான நாற்காலியில் உட்காரவில்லை.

"என் நூலப் புடிச்சிக்கிட்டே நடந்தேன், மாமா. ரெண்டு நாள், காலைப் பனியில. குழியில இருந்து மொதல்ல ரோட்டத் தாண்டி, சுத்தி, திரும்ப ரோட்டுக்கு வந்துச்சு. பால்பண்ணை எதுக்க வலைக்குக் கீழ முடிஞ்சுபோச்சு."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அங்க யாராச்சும் நடப்பாங்களா?"

"நடந்தேன். எனக்குத் தெரியணும்." அவள் தீப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே விரல் நீளத்துக்கு இழை. "கறுப்பு மை வெச்ச பக்கம் நான் வெட்டினது. மறுபக்கம்தான் அறுந்த முனை. கிளையில மாட்டுச்சா, குண்டுச் சிதறல் பட்டுச்சா, வலையில சிக்குச்சா, என்னன்னு பாத்துச் சொல்லுங்க. நான் ரொம்ப வேகமாத் திருப்பினதால அறுந்துச்சான்னு சொல்லுங்க. ஒம்பது நாளா நான் தூங்கல. நான் திருப்பினதாலதான் எங்கப்பா போயிட்டாரா?"

கிளை என்று சொன்னால் போதும். ஒரே ஒரு வார்த்தை. முனைகளைப் பற்றி அவன் சொன்னதை இந்த ஊர் ஒரு நாளும் மறுத்ததில்லை. அவள் நிம்மதியாகத் தூங்கப் போவாள். அவனும்.

கை தானாகவே மெஷினைத் திறந்தது. இழையைத் துடைத்து வைத்தான். திரையில் முனை பெரிதாகத் தெரிந்தது. பிசிறில்லை, சாய்வில்லை. கோடு போட்டு அறுத்த மாதிரி நேர் வெட்டு. அவளுக்கும் அது தெரியாமல் இருக்க முடியாது. பதினோரு வயசில் இதே திரையில் இதே மாதிரி வெட்டு விழும்வரை அவளை நாற்பது தடவை வெட்ட வைத்தவன் அவன்தான்.

"இது அறுந்தது இல்ல" என்றாள் தாயிசா மெதுவாக. "வெட்டினது."

"ஆமா."

"இப்படி நேரா வெட்டறவன்..." அவள் அவன் சட்டைப் பையையே பார்த்தாள்.

"நான்தான்" என்றான் ஸகார். "அம்பு கெழக்க காட்டுச்சு. நூல் சுத்தி வந்திருக்கும்னு எனக்குத் தோணல. அவனுங்க நூல்னு நெனச்சு வெட்டினேன். அன்னிக்கு மத்தியானமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எட்டு நாளாத் தெரியும்."

அவள் அறைந்தாள். அவன் மூக்குக் கண்ணாடி பறந்து மூலையில் விழுந்தது. அவன் எடுக்கப் போகவில்லை. மறுபடி அறைந்தாள்.

"ஒம்பது மணிக்குப் போக வேண்டியவரு, அங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"அந்த நாய் பத்து மணிக்கு வருவான்ல" என்றான் ஸகார். "முந்தின நாள் யாரும் பாக்காத ரோடு. நான் பாக்கலன்னா யாரு பாக்கறது?"

தாயிசா சுவரில் சாய்ந்து சத்தம் போட்டு அழுதாள். ஸகாரும் அழுதான். ஒருவரை ஒருவர் தொட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மெஷினிலிருந்து இழையை எடுத்துத் தீப்பெட்டியில் வைத்தாள்.

"எங்கப்பா வெட்டினதத் தூக்கிக்கிட்டு ஆபீசுக்குப் போனீங்களே. எலிக்கு எத்தன டன் எடைன்னு கேட்டீங்களே. ஊரே சிரிச்சுச்சு. எங்கம்மா ஒரு மாசம் கடைக்குப் போகல. இத எந்த ஆபீசுக்குக் கொண்டுபோகட்டும்? நீங்களே சொல்லுங்க."

"ஹொர்திகிட்ட. வா, நானே வந்து சொல்றேன்."

அவன் எழுந்து கோட்டை மாட்டினான். அவள் வாசலை மறித்து நின்றாள்.

"சொன்னா உங்கள ரோட்ட விட்டுத் தூக்கிருவாங்க. தூக்கிட்டா நாளைக்கு ஏழு மணிக்கு யாரு போறது? வேற யாருக்கு அந்தக் கருவி பாக்கத் தெரியும்? புது டிரைவர் வர்றான், ரெண்டு பிள்ளை இருக்காம் அவனுக்கு." தீப்பெட்டியைப் பைக்குள் போட்டாள். "மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீங்க. போர் முடியட்டும். அன்னிக்கு எல்லாருக்கும் நடுவுல நீங்களே இதத் தூக்கிக் காட்டணும். அதுவரைக்கும் ரோட்டப் பாருங்க."

அதற்கப்புறம் அவள் அவனோடு பேசவில்லை. பனாஸின் மகள் அல்லவா. ஆனால் தினமும் விடிவதற்குள் அவன் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எத்தனை மணிக்கு இழை வரும், எங்கே சாலையைக் கடக்கும் என்று அவள் கையெழுத்தில் இருக்கும். ஸகார் அதை நாலு தடவை படித்து மடித்து, வெட்டுக் கருவி இருக்கிற பையிலேயே வைத்துக்கொள்வான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் அவன் மேஜையைத் துடைத்து, ஒரு ஸ்பூன் எடுத்து வைத்தான். வர மாட்டாள் என்று தெரியும். ஆனாலும் வைத்தான். சாப்பிட உட்கார வேண்டிய நேரம், முதல் நட்சத்திரம் வந்தது. இருபத்து மூன்று வருஷம் தவறாமல் வந்த கிண்ணம் அன்று வரவில்லை.

காலையில் கதவைத் திறந்தால் தாள் இருந்தது. 'ஒன்பது நாற்பது. கல்குவாரியிலிருந்து. மூன்று தடவை கடக்கும். வெட்டாதீங்க.' பண்டிகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஸகார் கழியை எடுத்துக்கொண்டு இறங்கினான். உயிருள்ள எதிரி இழை இரண்டைக் கண்டுபிடித்து வெட்டினான். ஒன்பது மணி அடித்ததும் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் சாலையை விட்டுத் திரும்பினான்.

ஒன்பதே முக்கால் வாக்கில் கரிமேட்டுக்கு அந்தப் பக்கம் பெரிதாக ஒன்று வெடித்தது. பத்து மணிக்கு ஊர் முனையில் வேன் அவனைக் கடந்தது. ரெண்டு பிள்ளைக்காரன் ஓட்டிக்கொண்டிருந்தான், நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். கண்ணாடியை இறக்கி, கையை உயர்த்தி, சிரித்துப் பண்டிகை வாழ்த்துச் சொன்னான். ஸகார் பழக்கத்தில் துப்பப் போய், துப்பாமல், முஷ்டி இல்லாமல் விரிந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனால் அதைத் தாங்க முடியவில்லை.